கண்ணில் படாத காசு – 11: "ஒரு ரூபாய் ஆனா போதும், மாமா!"

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் கோவையிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் முதல் வேலையாகப் போனை என்னிடம் நீட்டினான். 12,000 ரூபாய்க்கு ஒரு காயின் வாங்கியிருக்கிறான். ஒன்றின் விலை 0.0004 ரூபாய். அவன் வாலட்டில் இருப்பது மூன்று கோடி காயின்.

"ஒரு ரூபாய் ஆனா போதும், மாமா. மூணு கோடி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர் கேட்பதும் இதையேதான். பிட்காயினும் ஈத்தரும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. இன்னும் யார் கண்ணிலும் படாத சின்ன பிளாக்செயின் எது, அதன் டோக்கனை இப்போதே வாங்கி வைக்கலாமா? பெயர் சொல்லும் வேலையை நான் செய்யப்போவதில்லை. ஆனால் கேள்வியில் தப்பில்லை. 18 பைசாவுக்கு விற்ற டோக்கன் 200 ரூபாயைத் தாண்டியதை நாம் பார்த்திருக்கிறோம். அதைக் கட்டியவர்களும் இந்தியர்கள்தான். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், அக்கா மகனின் 'ஒரு ரூபாய்' கணக்கை முடித்துவிடுவோம்.

ஷிபா இனு என்ற டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் விலையும் பைசாவில் ஒரு துணுக்குதான். புழக்கத்தில் இருப்பது ஏறத்தாழ 589 லட்சம் கோடி டோக்கன்கள். ஒன்று ஒரு ரூபாய் ஆனால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். 2024-25இல் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியே சுமார் 330 லட்சம் கோடிதான். வயல், மில், துறைமுகம், மென்பொருள், டீக்கடை எல்லாம் சேர்ந்து ஒரு வருஷம் உழைத்து உண்டாக்குவதைவிட ஒரு நாய்ப்பட டோக்கன் கூடுதல் மதிப்புக்குப் போக வேண்டும். விலை பைசாவில் இருப்பதால் மலிவு என்று நினைப்பதுதான் இந்தச் சந்தையில் நம் பிள்ளைகள் விழும் முதல் குழி. விலையை மொத்த எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால்தான் அது மலிவா, ஏற்கெனவே கொள்ளை விலையா என்பது தெரியும்.

இனி அந்த 18 பைசா கதை.

2017 டிசம்பரில் ஈத்தரியம் நெட்வொர்க் திணறிப்போனது. கிரிப்டோகிட்டீஸ் என்ற விளையாட்டில் ஜனங்கள் பொம்மைப் பூனைகளை வாங்கி விற்றார்கள். அந்த நெரிசலில் மற்ற பரிமாற்றங்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. உலகத்தின் கணினி என்று பேசப்பட்ட ஒன்று பூனை வியாபாரத்தைத் தாங்கவில்லை. ஈத்தரியத்தின் பக்கத்திலேயே ஒரு புறவழிச்சாலை போட்டால் என்ன என்று யோசித்தவர்களில் ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் மூவரும் இருந்தார்கள். அவர்கள் தொடங்கியதுதான் மேட்டிக் நெட்வொர்க்.

2019 ஏப்ரலில் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் மூலம் மேட்டிக் டோக்கன் விற்பனைக்கு வந்தது. விலை 0.00263 டாலர், அன்றைய ரூபாய் மதிப்பில் சுமார் 18 பைசா. குலுக்கலில் சீட்டு விழுந்தவர்களுக்கே கிடைத்தது. மொத்தமாகத் திரட்டியது 50 லட்சம் டாலர். அந்தச் சமயத்தில் நம் ஊரில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளுக்கு வங்கிச் சேவையே கிடையாது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தியர்கள் கட்டிய சங்கிலியின் டோக்கனை வாங்க இந்தியர்களே திண்டாடினார்கள்.

கையில் வைத்திருந்தவர்கள் பாடும் எளிதாக இல்லை. 2019 டிசம்பர் 10 அன்று ஓரிரு மணி நேரத்தில் விலை ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. 2021 பிறந்தபோதுகூட விலை இரண்டு சென்ட்டைத் தொடவில்லை. அந்த வருஷம் ஈத்தரியத்தில் ஒரு சாதாரணப் பரிமாற்றத்துக்கே பத்து, இருபது டாலர் கட்டணம் கேட்டார்கள். மேட்டிக்கில் அதே வேலை ஒரு சென்ட்டுக்கும் குறைவாக முடிந்தது. கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. பிப்ரவரியில் பாலிகான் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். டிசம்பர் கடைசியில் விலை 2.92 டாலர். ஆரம்ப விலையைப்போல் ஆயிரத்து நூறு மடங்கு. குலுக்கலில் 10,000 ரூபாய்க்கு வாங்கி, அசையாமல் வைத்திருந்து, சரியாக உச்சியில் விற்றவருக்கு ஒரு கோடியே இருபது லட்சம். அப்படி மூன்றையும் செய்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராம் குரூப்களில் கதை இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

2022 பிப்ரவரியில் செக்கோயா இந்தியா தலைமையில் 45 கோடி டாலர் முதலீடு வந்தது. ரெடிட் தன் பயனர்களுக்கான அவதாரப் படங்களைப் பாலிகானில் வெளியிட்டது. ஸ்டார்பக்ஸ் தன் வாடிக்கையாளர் திட்டத்தை அதன்மேல் கட்டியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், எட்டப்பள்ளி என்ற பின்தங்கிய ஊரில் 65,000 சாதிச் சான்றிதழ்களின் பதிவு பாலிகானில் ஏறியது. திருத்த முடியாத சான்றிதழ் ஒரு பழங்குடி மாணவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்குத் தெரியும். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது உலகமே பார்த்துக்கொண்டிருந்த பாலிமார்க்கெட் என்ற பந்தயச் சந்தை ஓடியதும் இதே சங்கிலியில்தான்.

நெட்வொர்க் வளர்ந்தது. டோக்கன்? 2024 செப்டம்பரில் மேட்டிக் 'பால்' என்ற புது டோக்கனாக ஒன்றுக்கு ஒன்று மாற்றப்பட்டது. 2025 முடியும்போது அதன் விலை கால் டாலர்கூட இல்லை. உச்சியில் வாங்கியவருக்கு நூறு ரூபாயில் பத்து ரூபாய் மிஞ்சுவதே பெரிய பாடு.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு சங்கிலியின் வளர்ச்சியும் அதன் டோக்கனின் விலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை இல்லை. பாலிகானின் பலமே கட்டணம் மலிவு என்பது. கட்டணம் சென்ட்டில் ஒரு துளி என்றால், லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தினாலும் டோக்கனுக்குப் பெரிய கிராக்கி வராது. போட்டியும் வந்துவிட்டது. ஈத்தரியத்தின் மேல் மாடி கட்டியதுபோல ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் என்று வரிசையாக முளைத்தன. 2024 மார்ச்சில் ஈத்தரியம் செய்த ஒரு மேம்படுத்தலால் அவற்றின் கட்டணமும் அடிமட்டத்துக்கு இறங்கியது. புது டோக்கனில் இன்னொரு மாற்றமும் உண்டு. மேட்டிக் 1,000 கோடியோடு நின்றது. 'பால்' ஆண்டுக்கு 2 சதவீதம் புதிதாகப் பிறக்கும்படி வைத்தார்கள். ஆண்டுக்கு இருபது கோடி டோக்கனுக்குப் புதிதாக ஆள் பிடிக்க வேண்டும்.

பேஸ் சங்கிலியை யோசித்துப் பாருங்கள். காயின்பேஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வேகமாக வளர்ந்தது. தொடங்கும்போது அதற்குத் தனி டோக்கனே கிடையாது, கட்டணம் ஈத்தரில்தான். ஒரு சங்கிலி பெரிதாக வளர டோக்கன் கட்டாயம் வேண்டும் என்பதே இதனால் அடிபட்டுப்போகிறது.

பெயர் தெரியாத சங்கிலிகளில் பணம் போடுகிறவர்கள் பார்க்கத் தவறும் இன்னொரு சங்கதி அன்லாக். நம் ஊர் மனை வியாபாரத்தை வைத்துச் சொல்கிறேன். ஆயிரம் மனைக்கு லேஅவுட் போட்ட புரமோட்டர் முதலில் 130 மனையை மட்டும் விற்பனைக்கு விடுகிறார். கொடி கட்டி, வேன் வைத்து ஆள் கூட்டி வருகிறார். இருக்கிற மனை கொஞ்சம், கேட்கிறவர் அதிகம், விலை ஏறுகிறது. மிச்சம் 870 மனை அவரிடமும் அவருக்கு முன்பணம் கொடுத்த கூட்டாளிகளிடமும் இருக்கிறது, அடிமாட்டு விலைக்கு. அவர்கள் விற்க ஆரம்பிக்கும் நாளில் உங்கள் மனை என்ன விலைக்குப் போகும்?

ஆர்பிட்ரம் டோக்கன் 2023 மார்ச்சில் வந்தது. மொத்தம் 1,000 கோடி. முதலில் சந்தைக்கு வந்தது சுமார் 127 கோடி. ஒரு வருஷம் கழித்து, 2024 மார்ச் 16 அன்று, குழுவினருக்கும் ஆரம்ப முதலீட்டாளர்களுக்கும் உரிய 111 கோடி டோக்கன் ஒரே நாளில் பூட்டுத் திறந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்ததில் முக்கால் பங்கு. அந்த மாதத் தொடக்கத்தில் இரண்டு டாலருக்குப் பக்கத்தில் இருந்த விலை ஆகஸ்டில் 60 சென்ட்டுக்கும் கீழே. சந்தை மொத்தமும் அப்போது தளர்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஈத்தரியத்தின் மேல் கட்டிய சங்கிலிகளில் அதிகப் பணம் தங்கியிருந்தது அந்த வருஷமும் ஆர்பிட்ரத்தில்தான். அந்த 111 கோடி ஒன்றும் ரகசியம் இல்லை. தேதியோடு முன்பே வெளியிட்டிருந்தார்கள். படிக்காதவர்கள்தான் மாட்டினார்கள்.

நல்ல மூளை இருந்தால் விலை ஏறும் என்பதும் கிடையாது. அல்கோராண்டைத் தொடங்கியவர் டூரிங் விருது பெற்ற எம்.ஐ.டி. பேராசிரியர் சில்வியோ மிக்காலி. 2019 ஜூனில் ஏலத்தில் 2.40 டாலருக்குப் போன டோக்கன், 2025 முடிவில் கால் டாலருக்கும் கீழே. பணம் இருந்தாலும் அப்படித்தான். இ.ஓ.எஸ். ஒரு வருஷம் நடத்திய விற்பனையில் 400 கோடி டாலர் திரட்டியது. இன்று அந்தப் பெயரே இல்லை.

பிறகு எதுதான் பிழைக்கிறது? சொலானாவைப் பார்த்தால் ஓரளவு புரியும். 2020 மார்ச்சில் 22 சென்ட்டுக்கு ஏலம் போனது. 2021 நவம்பரில் 260 டாலர். மறு வருஷம் அதைத் தூக்கிப் பிடித்த எஃப்.டி.எக்ஸ். எக்ஸ்சேஞ்ச் திவாலானதும் எட்டு டாலர். அதற்கு முன்பே ஒருமுறை பதினேழு மணி நேரம் நெட்வொர்க்கே நின்றுபோயிருந்தது. முடிந்தது கதை என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதில் நிரல் எழுதிக்கொண்டிருந்த பொறியாளர்களில் ஒரு கூட்டம் எட்டு டாலரிலும் விட்டுப் போகவில்லை. 2025 ஜனவரியில் விலை 290 டாலரைத் தாண்டியது. சின்னச் சங்கிலியை எடைபோட எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் இதுதான்: விலை செத்துக் கிடக்கும் மாதங்களில் அங்கே யார் வேலை செய்கிறார்கள்? கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் கடைசியாக எப்போது, எத்தனை பேர் நிரல் சேர்த்தார்கள் என்று தேதியோடு இருக்கும். காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

நம் நாட்டு வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பத்துச் சின்ன காயின் வாங்கி ஒன்பது போனாலும் ஒன்று காப்பாற்றும் என்று சொல்கிறார்களே, அந்த உத்தி இங்கே எடுபடாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபம், மற்றவற்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால், கையில் ஒன்றும் மிஞ்சாமலேயே செஸ் சேர்த்து 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். ஒரே ஒரு ஆறுதல், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்து என்று தீர்ப்பளித்தார். எக்ஸ்சேஞ்சில் மாட்டிக்கொண்டவர்கள் கோர்ட்டுக்குப் போக ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

அக்கா மகனிடம் திரும்புகிறேன். பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் அவன் காயினைத் தேடி இருவரும் பார்த்தோம். மொத்த எண்ணிக்கை பதினைந்து இலக்கம். 'ஹோல்டர்ஸ்' என்ற இடத்தை அழுத்தினால், முதல் பத்து வாலட்களிலேயே பாதிக்கு மேல். அன்லாக் அட்டவணை எங்கும் இல்லை. கடைசியில், "சரி, இப்ப வித்தா எவ்வளவு வரும்னு பாரு" என்றேன். மூன்று கோடி காயினையும் போட்டான். திரையில் 12,000 ரூபாய் மதிப்பு என்று காட்டிக்கொண்டிருந்த அதே செயலி, விற்றால் கிடைப்பது 3,100 என்றது. வாங்குகிற ஆள் அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "குரூப்ல யாருமே இதைச் சொல்லலை, மாமா" என்றான்.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ இப்படி ஒரு டோக்கன் வைத்திருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, விற்றால் எவ்வளவு வரும் என்று இன்றைக்கே செயலியில் போட்டுப் பாருங்கள். விற்கச் சொல்லவில்லை. என்ன எண் வருகிறது என்று மட்டும் பாருங்கள். கடன் வாங்கிப் போட்ட பணமாக இருந்தால், அந்த எண்ணை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)