பல் எடுத்த பின் வரும் மூன்றாம் நாள்

பல்லைப் பிடுங்கியதும் தாடையெலும்பில் எஞ்சும் குழியில் இரத்தம் ஊறி, சில நிமிடங்களில் உறைந்து, திறந்து கிடக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் மூடியாக அமைகிறது. இந்த இரத்தக்கட்டியைப் பற்றிக்கொண்டுதான் ஒரு வாரத்துக்குள் புதுத் திசு படர்கிறது. ஈறு மூடிக்கொள்ள இரண்டு மூன்று வாரங்களும், குழி எலும்பால் நிரம்பச் சில மாதங்களும் ஆகின்றன.

மருத்துவர் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை பேசாமல் கடித்திருப்பதும், முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காமலும் காறித் துப்பாமலும் இருப்பதும், இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் குடிப்பதும் அந்தக் கட்டியைக் காக்கவே. எச்சிலில் கலந்த சிறிதளவு இரத்தம் பார்வைக்கு நிறையத் தோன்றும். அதற்கு அஞ்சி அடிக்கடி துப்புவதே கசிவை நீட்டிக்கிறது. மரத்துப்போன உதடு தெளியும் வரை சூடான காப்பியும் மெல்லும் உணவும் கூடாது. ஒரு நாள் கழிந்த பின், சாப்பாட்டுக்குப் பிறகு இளஞ்சூடான உப்புநீரை வாயில் வைத்திருந்து மெல்ல வடியவிடலாம்.

கட்டி கலைந்து எலும்பு வெளிப்பட்டுவிடும் நிலை 'உலர்குழி' எனப்படும். 1896இல் க்ராஃபோர்டு என்ற பல் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சிலருக்கே இது நேர்கிறது என்றாலும், கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தவர்களிடமும் புகை பிடிப்பவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. இதன் அடையாளம் வலியின் போக்கில் இருக்கிறது: ஆறும் புண்ணில் நாளுக்கு நாள் வலி குறையும், உலர்குழியிலோ இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் வலி திரும்பி, காது வரை பரவி, வாயில் துர்நாற்றமும் சேரும். கடையில் வாங்கும் மாத்திரையால் இது எளிதில் அடங்காது. மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பிலிருந்து கிடைக்கும் யூஜினால் சேர்ந்த மருந்தை வைத்தால் விரைவில் தணியும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு வலி திரும்பக்கூடிய மூன்றாம் நாளே சிக்கலானது, ஏனெனில் ஒரு நாள் விடுப்பில் பல்லை எடுத்தவர் அப்போது மீண்டும் லைனில் நிற்கிறார். முதல் நாள்களில் குனிந்து பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் ஏறிக் கசிவு தொடங்கக்கூடும். இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் பிடிக்கும் பீடியும் வாயில் அடக்கும் புகையிலையும் குழியைக் கெடுக்கும். அப்பகுதியின் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி போன்ற இடங்களில் தங்குவோருக்குச் சொந்த அடுப்பு இல்லை. குழைந்த சோற்றையும் காரமில்லாத பருப்பையும் மெஸ்ஸில் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில், தகுதி பெற்ற தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கிறது. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாள்கள் காத்திருப்புக் காலமாகக் கழிக்கப்படுவதால், பல் எடுத்தவருக்குத் தேவையான குறுகிய ஓய்வு அந்த உதவிக்கு வெளியே நின்றுவிடுகிறது. விடுப்பெடுத்தால் கூலி இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது சிறிய இழப்பன்று. வார விடுமுறைக்கு முந்தைய நாளில் பல்லை எடுத்துக்கொள்வதே இப்போதைக்கு அவர் கையில் உள்ள வழி.

வீக்கம் நாளுக்கு நாள் ஏறுதல், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, பஞ்சை மீண்டும் கடித்தும் நிற்காத இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூன்றாம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவரை மேற்பார்வையாளர்கள் லைனுக்குத் திருப்பி அனுப்பாமல், அரை நாள் விடுவித்துப் பல் மருத்துவரிடம் அனுப்பிவைக்க வேண்டும்.