மேலே சில்லுன்னு, கீழே சூடு: ரேடியேட்டரில் காற்று எடுப்பது பற்றி ஒரு குறிப்பு

இங்கிலாந்துக்கு வரும்வரை ரேடியேட்டர் என்றால் எனக்கு லாரியின் முகப்பில் இருப்பதுதான். எஞ்சினைக் குளிர வைக்கும் சாமான். இங்கே அதே பெயரில் ஒரு வெள்ளைத் தகரப் பலகை, ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே. இது அறையைச் சூடாக்க. யோசித்துப் பார்த்தால் இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: தண்ணீரில் இருக்கும் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது.

எங்கள் மூன்றாவது குளிர்காலத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மாடியில் அவருக்குக் கொடுத்த அறை மட்டும் சூடாகவே இல்லை. ரேடியேட்டரை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு அம்மாதான் சொன்னார்: "என்னடா இது, கீழ சுடுது, மேல சில்லுன்னு இருக்கு. சூடு மேலதானே ஏறணும்?" அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும் ஒரு கம்பளமும் செலவாயின. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

உள்ளே என்ன நடக்கிறது

பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதைக் குழாய் வழியாக ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தள்ளுகிறது. சூட்டைக் கொடுத்துவிட்டு அதே தண்ணீர் பாய்லருக்குத் திரும்புகிறது. குளிக்கிற, குடிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும்.

இந்தச் சுற்றில் எங்காவது காற்று சேர்ந்தால் அது மேலே ஏறி, ரேடியேட்டரின் தலைப்பகுதியில் தங்கிவிடும். காற்று இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வர முடியாது. அதனால் மேலே குளிர், கீழே சூடு. ஊரில் மோட்டார் பம்புக்கு "ஏர் பிடிச்சிருச்சு" என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதை.

இதற்காகவே ரேடியேட்டரின் மேல் மூலையில் ஒரு சின்ன வால்வ் வைத்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியே விடுவதைத்தான் இங்கே "ப்ளீட்" பண்ணுவது என்கிறார்கள். இதையே ரஷ்யாவில் மயேவ்ஸ்கி குழாய் என்று ஒருவர் பெயரால் அழைக்கிறார்கள். 1850-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழில் நடத்திய பிரான்ஸ் சான் கல்லிதான் ரேடியேட்டரைக் கண்டுபிடித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த ஊரின் குளிரை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் தடவிப் பாருங்கள்

சாவியை எடுக்கும் முன் எந்த இடம் குளிர்கிறது என்று பார்க்க வேண்டும். இடத்தைப் பொறுத்து நோய் வேறு.

- மேலே குளிர், கீழே சூடு: காற்று. இதற்குத்தான் சாவி.
- கீழே நடுவில் குளிர், மேலே சூடு: அடியில் கரும் சகதி படிந்திருக்கிறது. காற்று எடுத்துப் பயனில்லை.
- ஒரு ரேடியேட்டர் முழுவதும் குளிர், மற்றவை சூடு: பெரும்பாலும் அதன் பக்கத்தில் இருக்கும், எண் போட்ட திருகு வால்வ் சிக்கியிருக்கும். உள்ளே இருக்கும் சின்ன ஊசி அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும்.
- எல்லாமே குளிர்: பாய்லர், பம்ப் அல்லது பிரஷர். ரேடியேட்டரை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

செய்முறை

1. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, தண்ணீர் கையைச் சுட்டுவிடும். இரண்டு, பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் காற்று ஒரு இடத்தில் நிற்காது. சில அமைப்புகளில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கவும் செய்யும்.

2. பாய்லரில் இருக்கும் பிரஷர் கேஜைப் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். இது ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. 10 மீட்டர் உயரத் தண்ணீரின் எடை கிட்டத்தட்ட 1 பார். கேஜ் கீழ்த்தளத்தில் இருந்து, மாடி ரேடியேட்டரின் தலை அதற்கு 5 மீட்டர் மேலே இருந்தால், கேஜ் காட்டுவதைவிட அங்கே அரை பார் குறைவு. கேஜில் 1 இருந்தால் மேலே 0.5, காற்று வெளியே வரும். கேஜில் 0.3 இருந்தால் மேலே பிரஷரே இல்லை. வால்வைத் திறந்தால் அறைக் காற்று உள்ளே போகும்! எடுக்கப் போய்க் கொடுத்துவிட்டு வருவோம். எனவே குறைவாக இருந்தால் முதலில் நிரப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

3. கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போங்கள். வால்வின் கீழே ஒரு கிண்ணம், சுற்றி ஒரு பழைய துணி. வெளிர் நிறக் கம்பளமாக இருந்தால் இரண்டு துணி.

4. சதுர வாய் உள்ள சின்னப் பித்தளைச் சாவி எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். புது மாடல்களில் சாதா ஸ்க்ரூ டிரைவரே போதும். இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சிப்போனால் அரைச் சுற்று. "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வரும். அவ்வளவுதான், அங்கேயே நிறுத்துங்கள். ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றவே கூடாது. கழன்று விழுந்தால், பிரஷரோடு வரும் தண்ணீரை விரலால் அடைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

5. சத்தம் நின்று, துப்பித் துப்பி வந்து, பிறகு தண்ணீர் சீராக வரும். உடனே மூடுங்கள். அது பித்தளை, பலம் காட்டினால் மரை போய்விடும்.

6. மறுபடி கேஜைப் பாருங்கள். காற்று போன இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கும், பிரஷர் இறங்கியிருக்கும். பாய்லருக்குக் கீழே வெள்ளிநிறப் பின்னல் குழாய் ஒன்று வால்வோடு இருக்கும். மெதுவாகத் திறந்து 1-க்கும் 1.5-க்கும் நடுவில் வந்ததும் மூட வேண்டும். மூடியதை இரண்டு முறை சரிபாருங்கள். மறந்துவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் பாதுகாப்பு வால்வ் திறந்து வெளிச்சுவரில் தண்ணீர் கொட்டும்.

பழைய வீடுகளில் கூரைக்கடியில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அங்கே கேஜும் இல்லை, நிரப்பும் வேலையும் இல்லை. மிதவை வால்வ் தானாகவே நிரப்பிவிடும்.

சத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் வால்வின் ஓட்டையைப் பெயின்ட் அடைத்திருக்கலாம், அல்லது பிரஷர் இல்லை. மேலும் மேலும் திருகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டருக்கு மட்டும். அமெரிக்காவின் பழைய கட்டடங்களில் நீராவி ஓடும் ரேடியேட்டர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் காற்று தானாக வெளியேறும் வால்வ் உண்டு. அதில் கை வைத்தால் வருவது தண்ணீர் இல்லை, ஆவி.

நான் செய்த தப்பு

மேலே உள்ள ஆறையும் நான் தலைகீழாகச் செய்தேன். ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்தேன், கிண்ணம் வைக்கவில்லை, கேஜைப் பார்க்கவில்லை. வந்தது தெளிந்த தண்ணீர் இல்லை, மை போலக் கறுப்புத் தண்ணீர். வீட்டுக்காரரின் கம்பளத்தில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. பிரஷர் இறங்கி பாய்லர் பூட்டிக்கொண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "ஊர்ல இப்ப ஃபேன் போட்டிருப்பாங்க" என்றார்.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்து வந்தது. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று எடுத்துக்கொண்டே இருந்தேன். எடுத்தால் சூடாகும், பிறகு மறுபடி மேலே குளிரும். வீட்டு ஏஜென்டிடம் கேட்டால் "அது அப்படித்தான், எடுத்துவிடுங்கள்" என்றார்கள். ஒரு மூடிய சுற்றுக்குள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்கவில்லை.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது

மூன்று வழி உண்டு.

முதலாவது, புதுத் தண்ணீர். வெந்நீர் வைக்கும்போது, கொதிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பாத்திரத்தின் ஓரத்தில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆவி இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருந்த காற்று, சூடானதும் வெளியே வருகிறது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 20 மில்லி காற்று கரைந்திருக்கும். வீட்டுச் சுற்றில் 100 லிட்டர் இருந்தால் 2 லிட்டர் காற்று. அதில் ஒரு பகுதி பிரிந்து வந்தாலே ஒரு ரேடியேட்டரின் தலை குளிர்ந்துவிடும். ஆனால் இது ஒருமுறைதான். புதிதாக நிரப்பிய சில வாரங்களில் தீர்ந்துவிட வேண்டும்.

இரண்டாவது, கசிவு. எங்கோ தண்ணீர் போகிறது, நாம் நிரப்புகிறோம், அதோடு கரைந்த காற்றும் வருகிறது. அதில் உள்ள ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கிவிட்டுத் தீர்ந்துபோகும். நைட்ரஜன் மட்டும் மேலே போய்ச் சேரும்.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. அது காற்றே இல்லை. ஹைட்ரஜன்.

ரேடியேட்டர் எஃகுத் தகடு. ஆக்சிஜன் இல்லாத சூடான தண்ணீரிலும் இரும்பு அரிக்கும். மூன்று இரும்பு அணுக்கள் நான்கு தண்ணீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து, மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு ஆகிறது. நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மிஞ்சுகின்றன. அந்தக் கறுப்புத் தூள்தான் கம்பளத்தில் விழுந்தது. அந்த வாயுதான் "ஸ்ஸ்ஸ்" என்று வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மோல் இரும்பு சுமார் 168 கிராம். அதிலிருந்து வரும் நான்கு மோல் ஹைட்ரஜன், அறைச் சூட்டில் சுமார் 96 லிட்டர். அதாவது ஒரு கிராம் இரும்பு கரைந்தால் அரை லிட்டருக்கும் மேல் வாயு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சொம்பு வாயு எடுத்தேன் என்றால், ரேடியேட்டரின் உள்சுவரிலிருந்து இரண்டு கிராம் இரும்பை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். மெல்லிய தகட்டில் அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக நடக்காது. ஒரு இடத்தில் குழி விழுந்தால் அங்கே ஒழுகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

கேஜ்தான் சாட்சி. காற்று எடுத்து, நிரப்பி, கேஜின் எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு இரண்டு வாரம் எதையும் தொடாதீர்கள். ஆறிய நிலையில் மறுபடி பாருங்கள்.

எண் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. பாய்லரோடு சேர்ந்த விரிவுத் தொட்டி பழுதானாலும் இப்படி ஆகும்: சூட்டில் பிரஷர் எகிறி, பாதுகாப்பு வால்வ் வழியே தண்ணீர் வெளியேறிவிடும். எண் இறங்காமல், ஆனால் ரேடியேட்டரின் தலை மறுபடி குளிர்ந்திருந்தால், வாயு உள்ளேயே உற்பத்தியாகிறது.

இன்னொரு சோதனை: வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வையுங்கள். கறுப்புத் தூள் காந்தத்தை நோக்கி நகர்ந்து ஒட்டினால் அது மேக்னடைட். எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி காந்தத்தை வைத்துப் பார்த்தேன், மீசை வரைந்த மாதிரி ஒட்டிக்கொண்டது. வருவது ஹைட்ரஜன்தானா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். சந்தேகம் வந்தால் திறக்கும்போது ஜன்னலையும் திறந்துவையுங்கள், பக்கத்தில் மெழுகுவர்த்தி, சிகரெட் இருக்கக் கூடாது.

மருந்து

அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தை இந்தத் தண்ணீரில் கலந்துவைக்க வேண்டும். இங்கே "இன்ஹிபிட்டர்" என்பார்கள். தண்ணீரை வடித்துப் புதிதாக நிரப்பும் ஒவ்வொரு முறையும் அது நீர்த்துப்போகும். எங்கள் வீட்டில் முன்பு எப்போதோ முழுக்க வடித்து நிரப்பியவர்கள் அதைச் சேர்க்காமலே விட்டிருக்க வேண்டும். கடைசியில் வந்த மெக்கானிக் சுற்றைக் கழுவி, மருந்து கலந்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும்போது மட்டும் சாவியை எடுக்கிறேன். பல தடவை ஒரு நொடிகூட சத்தம் வருவதில்லை, நேராகத் தண்ணீர்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, சாதாரணக் குறுகிய கால வாடகையில் ஹீட்டிங் சாதனங்களைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. காற்று எடுப்பதை நாமே செய்யலாம், அதற்கு யாரும் வர வேண்டியதில்லை. ஆனால் பாய்லரின் கேஸ் பக்கம் கை வைக்க, கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் வர வேண்டும். "இத்தனை தடவை எடுத்தும் மறுபடி சேர்கிறது, பிரஷர் இறங்கவில்லை, தண்ணீர் கறுப்பு" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். "சூடாகலை" என்று போனில் சொன்னபோது யாரும் அசையவில்லை. தேதி போட்டு எழுதிய பிறகுதான் ஆள் வந்தார்.

மெக்கானிக் வந்தது பிப்ரவரி கடைசியில். அம்மா ஜனவரியிலேயே ஊருக்குப் போய்விட்டார். ஃபோனில் சொன்னேன், ரேடியேட்டர் இப்போது மேலே வரைக்கும் சுடுகிறது என்று. "அதான் நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.