சமோசா வரை மட்டும்

மாலை ஆறு மணி உரைக்கு ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறார் இளம் பொறியாளர். குத்துவிளக்கு, பூங்கொத்து, வரவேற்புரை, தலைமையுரை. விஷயம் துவங்கும்போது மணி ஏழு. கேள்வி நேரம் நன்றியுரைக்குப் பலி. பிறகு சமோசா, தேநீர். நரைத்த தலைகள் பல்லாண்டு நட்போடு வட்டம் கட்டி நிற்க, புதியவர் கையில் தட்டுடன் சுவரோரம். அடுத்த மாதம் அவர் வருவதில்லை. பல தொழில்நுட்பச் சங்கங்களின் கிளைக் கூட்டங்களில் இது பழகிப்போன காட்சி.

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிடியூஷன் ஆஃப் என்ஜினியர்ஸ் 1920-இல் உருவாகி, 1935-இல் அரச சாசனம் பெற்றது. கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா 1965-இல் பிறந்தது. அன்று புதுத் தகவல் வேண்டுமென்றால் கூட்டத்துக்குத்தான் போகவேண்டும்.

"இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கிறதே, யார் வருவார்கள்?" என்று மூத்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பாதி உண்மைதான். உரை கைபேசியிலேயே கிடைக்கும். ஆனால் கான்கிரீட் போட்ட ஏழாம் நாள் தூணில் விரிசல் தெரிந்தால், கான்ட்ராக்டர் அவசரப்படுத்தும்போது, இரவு பத்து மணிக்கு யாரைக் கேட்பது? சைட்டில் தனியாக நிற்கும் 24 வயதுக்காரருக்குத் தேவை, தயங்காமல் கூப்பிடக்கூடிய ஒரு மூத்தவரின் எண்.

வந்தவரிடம் வேலை என்னவென்று விசாரித்து, அதே துறைக்காரர் பக்கத்தில் உட்காரவைக்கப் பைசா செலவில்லை. முதல் கேள்வியை இளையவர்களுக்கு விடலாம். பூங்கொத்தைக் குறைக்கலாம் (இதுதான் கடினம்).

வருகைப் பதிவேட்டில் அவர் எழுதிய தொலைபேசி எண் அப்படியே இருக்கிறது. செயலாளர் இன்னும் கூப்பிடவில்லை.