ஏய்ப்பும் ஈகையும்

குஷாய்குடாவில் மாலை வேளைகளில் நம் சிறுவர்கள் கால்பந்து ஆடக் கண்டு மகிழ்கிறோம். ஆயினும் ஒரு குறை உண்டு. பந்து கிடைத்தவன் அதைப் பிறர்க்கு ஈயாமல், எதிரிகளை ஏய்ப்பதிலேயே இன்பம் காண்கிறான். பந்தே வாராத இளையோர் மனஞ்சோர்ந்து வீடு திரும்புகின்றனர்.

ஏய்ப்பது இழுக்கன்று, அது ஒரு கலை. தோளை இடப்புறம் சாய்த்தால், தடுக்க வருபவனும் அப்பக்கமே காலூன்றுவான். ஊன்றிய காலை அவன் மீட்குமுன், வலக்காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டிக் கடந்துவிடலாம்.

இக்கலையில் தேர்ந்த துளசிதாஸ் பலராம், நம் அண்டையிலுள்ள அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடியவர். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியினர். ஆயினும் தோழர்க்குப் பந்து வழங்குவதிலும் அவர் பெயர் பெற்றார். அவரை உருவாக்கிய ஆசான் ரஹீம், எதிரியை ஏய்த்து ஓடலாகாது என்னும் விதியுடனேயே ஹைதராபாத்தில் போட்டிகள் நடத்தியவர்.

பலராம் 2023இல் மறைந்தார். அவர் பிறந்த மண்ணருகே வாழும் நாம், நம் மைந்தர்க்கு இதனைச் சொல்வோமாக: ஒருவனை ஏய்த்தபின் மற்றொருவனைத் தேடாதே, தோழனைத் தேடு.