ஆமைக்கு வைட்டமின் கேட்டால் எதைக் கொடுப்பது?

மளிகையோடு வண்ணமீன் தீனியும் விற்கும் நம் அன்பர்களிடம், ஆமைக்கு வைட்டமின் இருக்கிறதா என்று கேட்டு வருவோர் உண்டு. பெரும்பாலும் தொட்டியில் வளர்க்கும் அமெரிக்கச் சிவப்புக் காது ஆமைதான். ஓடு மெத்தென்று ஆகிவிட்டது, கண் வீங்கிவிட்டது என்பார்கள். நம் பக்கம் எளிதில் கிடைப்பது கோழி மருந்து. அதை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

காரணம் நாமக்கல்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். கோழிக்குக் கிளிஞ்சல் மட்டும் போட்டால் முட்டை ஓடு கெட்டிப்படாது. சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். ஆமைக்கும் அப்படியே. ஆனால் பண்ணை மருந்துப் புட்டியில் அளவு 100 கோழிக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருக்கும். உள்ளங்கை அளவு ஆமைக்கு அதில் ஒரு சொட்டுகூட அதிகமாகிவிடலாம். ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சினால் உடலிலேயே தங்கி நஞ்சாகும். டி.சி.பி. பவுடரும் தனியாக உதவாது, அதில் பாஸ்பரஸ் அதிகம்.

ஊர்வனவற்றுக்கென்றே தயாரான பவுடரை வாங்கி வையுங்கள். லேபிளில் டி3 என்று தெளிவாக இருக்க வேண்டும். வெறும் கால்சியம் டப்பாவை வைட்டமின் என்று விற்காதீர்கள். தண்ணீரில் கலக்காமல் தீனியில் தூவச் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை மலிவான, நல்ல சுண்ணாம்புச் சத்து. ஆனால் அதில் வைட்டமின் கிடையாது.

காசில்லாத மருந்து ஒன்றும் உண்டு. காலை இளவெயில் நேராகப் பட்டால் ஆமை டி3-ஐத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை. பக்கத்தில் நிழலும் இருக்க வேண்டும், சேலத்து உச்சி வெயில் ஆமையைக் கொன்றுவிடும்.

கண் வீக்கத்துக்குப் பெரும்பாலும் ஏ சத்துக் குறைவே காரணம். காய்ந்த இறாலை மட்டுமே தின்னும் ஆமைகளுக்கு இது வரும். வீங்கிய பிறகு மருந்து விற்காமல், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ அனுப்பிவிடுங்கள்.

யாராவது நட்சத்திர ஆமையைக் கொண்டு வந்தால் வாங்கவோ கைமாற்றி விடவோ இறங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி அது முதல் அட்டவணையில் உள்ளது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

கொள்முதலில் சிறு டப்பாக்களே நல்லது. சூட்டிலும் வெளிச்சத்திலும் ஏ சத்து சீக்கிரம் கெடும். தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடை கிடந்த சரக்கு, காலாவதித் தேதி மீதமிருந்தாலும் பேருக்குத்தான் வைட்டமின்.