சினை பிடியாத பசுவும் விந்தணு எதிர்ப்பொருளும்

நல்ல உடற்கட்டும் ஒழுங்கான பருவமும் உடைய பசு, மூன்று முறை காளைக்கு விட்டும் சினை பிடியாதிருப்பின், அதனை மலடென்று கருதிச் சந்தைக்கு ஓட்டிவிடுவோர் பலர். கறவைக்குரிய பசு அடிமாடாக விலைபோவது குடும்பத்திற்குப் பெருநஷ்டமாதலின், இதன் காரணங்களை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

அக்காரணங்களுள் ஒன்றாக விந்தணு எதிர்ப்பொருள் பேசப்படுகின்றது. அன்னியப் பொருள் உட்புகின் அதனை எதிர்க்கும் பொருளை உடல் உண்டாக்கிக்கொள்ளும். தடுப்பூசி பயன்படுவதும் இவ்வியல்பினாலேயே. விந்தணுக்களைப் பிராணிகளின் உடலில் ஊசி மூலம் செலுத்தினால் அவற்றிற்கும் எதிர்ப்பொருள் உண்டாகும் என்பதை லாண்ட்ஸ்டைனர், மெச்னிகாவ் என்னும் அறிஞர்கள் 1899-ம் ஆண்டிலேயே கண்டனர். இது கருப்பை வாயின் சளியில் இருக்குமாயின், விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நீந்தும் வலியிழந்து, கருமுட்டையை அடையாது போகலாம்.

எனினும் இணைசேரும் பெண்ணினம் யாவும் இவ்வாறு எதிர்ப்பதில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் பொருள்கள் விந்து நீரிலேயே உள்ளன. 1964-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிராங்க்ளின், டியூக்ஸ் என்போர், காரணம் புலப்படாது பிள்ளைப்பேறின்றியிருந்த பெண்கள் பலரிடம் இவ்வெதிர்ப்பொருளைக் கண்டதாக வெளியிட்டனர். பின்வந்த ஆராய்ச்சிகளிலோ, பிள்ளை பெற்ற பெண்களிடமும் அது காணப்பட்டது. சினை தங்காத பசுக்கள் சிலவற்றிலும் அது உண்டு. ஆகவே எதிர்ப்பொருள் இருத்தல் ஒன்றே மலட்டுத்தன்மைக்குச் சான்றாகாது.

ஆதலின் முதலில் எளிதில் கண்டறியத்தக்க குறைகளை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, காலம். பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும்; பருவம் 12 முதல் 18 மணி நேரமே நிற்கும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாட் காலையும் சினைப்படுத்துதல் நன்று. தேதிகளைக் குறித்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, காளை. ஒரே காளைக்கு விட்ட பல பசுக்கள் சினை பிடியாவிடின் குறை காளையிடம் இருக்கக்கூடும். விப்ரியோ, டிரைக்கோமோனாஸ் ஆகிய நோய்கள் காளை வாயிலாகவே பரவுவன. பொதுக் காளை வைத்திருக்கும் கிராமங்களில் அதிகாரிகள் இதனைக் கவனித்துச் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, கருப்பை. பருவ காலத்துச் சளி கண்ணாடிபோல் தெளிந்திராது, கலங்கியோ சீழ் கலந்தோ இருப்பின் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நான்காவது, தீவனம். பசுந்தீவனமும் தாது உப்பும் குறைந்த பசுவிடம் சினையை எதிர்பார்த்தல் வீண்.

இவற்றுள் ஒன்றேனும் திருத்தப்படின் மலடென்று தள்ளப்பட்ட பசு கன்று ஈனுதலும் கூடும். காரணம் ஆராயாது பெண்ணினத்தின் மீதே பழி சுமத்துதல் தொழுவத்திற்கும் தகாது, இல்லத்திற்கும் தகாது.