எழுவதும் எழுப்புவதும்

ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்கும் மாணாக்கரை நெடுங்காலமாக இடர்ப்படுத்திவரும் வினைச்சொற்களுள் 'றைஸ்', 'றேஸ்' என்னும் இரண்டும் குறிப்பிடத்தக்கன. ஒலியால் நெருங்கியும் பொருளால் உறவுற்றும் நிற்பனவாதலின், ஒன்று நிற்கவேண்டிய இடத்தில் மற்றொன்று எளிதிற் புகுந்துவிடுகின்றது. முன்னையது தானே எழுதலைக் குறிக்கும். பின்னையது பிறிதொன்றை எழச் செய்தலைக் குறிக்கும். ஞாயிறு எழுகின்றது என்புழி வருவது றைஸ். கொடியை உயர்த்தினர் என்புழி வருவது றேஸ். இவ்விதியை அட்டவணையாக மனனஞ் செய்த மாணாக்கன் கட்டுரை வரையும்பொழுது அதனை மறந்துவிடுகின்றான். காரணம் அறியாது கற்றமையே அதற்கு ஏதுவாகும்.

தமிழிலக்கணம் பயின்றவனுக்கு இவ்வேறுபாடு புதியதன்று. எழு, எழுப்பு, ஏறு, ஏற்று, திருந்து, திருத்து என நம் மொழியில் தன்வினையும் பிறவினையும் இணையிணையாக நிற்கின்றன. நன்னூலார் கூறும் வி, பி என்னும் விகுதிகளாற் பிறவினையாவனவும் உள. விகுதி பெறாது, திருந்து என்பதன் மெல்லினம் வல்லினமாகித் திருத்து என்றாவதுபோல, சொல்லின் அகத்தே திரிந்து பிறவினையாவனவும் உள. இவ்விரண்டாம் வகையை நினைவிற் கொண்டால் ஆங்கிலச் சொற்களின் வரலாறு தெளிவாகும். தமிழில் மெய் திரிந்த இடத்தில் ஆங்கிலத்தில் உயிர் திரிந்தது என்பதே வேற்றுமை.

ஆங்கிலம், செருமன், கொத்தியம் முதலியவற்றின் தாய்மொழியிலே, தன்வினையின் இறந்தகால வடிவத்திலுள்ள உயிரை எடுத்து, அதன்பின் யகர ஒலியுடைய ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்தது. கி. பி. 4ஆம் நூற்றாண்டில் உல்பிலர் செய்த கொத்திய விவிலிய மொழிபெயர்ப்பில் எழுதலுக்கும் எழுப்புதலுக்கும் உரிய வினைகள் இம்முறையிலேயே அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் அவ்விகுதி தேய்ந்து மறைந்தது. உயிர் வேறுபாடு மட்டும் எஞ்சியது. 'சிற்', 'செற்' என்பன இருத்தலையும் இருத்துதலையும், 'லை', 'லே' என்பன கிடத்தலையும் கிடத்துதலையும், 'பால்', 'பெல்' என்பன வீழ்தலையும் மரத்தை வீழ்த்துதலையும் குறிப்பனவாய் இன்றும் வழங்குகின்றன. இவற்றுள் லை என்பதன் இறந்தகாலம் லே என்றே வருவதால், கற்பார் படும் பாடு பெரிது. அதனோடு ஒப்பிட, ஈண்டு எடுத்துக்கொண்ட இணை எளிதே எனலாம்.

றேஸ் என்னுஞ் சொல் ஆங்கிலரின் பழஞ்சொத்து அன்று என்பது வியப்பிற்குரியது. 9ஆம் நூற்றாண்டு முதலாக இங்கிலாந்திற் குடியேறிய வடபுலத்தாரின் மொழியிலிருந்து அது வந்தது. ஆங்கிலத்தின் சொந்தப் பிறவினை சகரம் ரகரமாகத் திரிந்து 'றியர்' என நின்றுவிட்டது. பிள்ளைகளை வளர்த்தல் என்னும் பொருளில் பிரித்தானியர் இச்சொல்லையே பெரிதும் விரும்பினர். அமெரிக்கரோ அதற்கும் றேஸ் என்றே கூறுவர். ஊதிய உயர்வைக் குறிக்கும் பெயர்ச்சொல்லிலோ பிரித்தானியர் றைஸ் என்க, அமெரிக்கர் றேஸ் என்பர். ஆகவே, அவ்விடத்து இரண்டனுள் ஒன்றைப் பிழையென்று ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுதல் தகாது.

வடிவங்களிலும் இவை வேறுபடும். தன்வினையானது றைஸ், றோஸ், றிசின் எனத் திரியும். பிறவினையானது றேஸ், றேஸ்ட் என ஒழுங்காக நடக்கும். தன்வினைக்குச் செயப்படுபொருள் இன்மையால் அது செயப்பாட்டுவினை ஆகாது. எனவே, ஐயம் நேர்ந்துழி, 'எதனை?' என்று வினவி விடை கிடைப்பின் றேஸ் என்றும், கிடையாதவிடத்து றைஸ் என்றும் கொள்ளலாம். எழுப்புதலைக் குறிக்கும் றேஸ் போன்றே ஒலிக்கும் மற்றொரு சொல் கட்டடத்தைத் தரைமட்டமாக்குதலைக் குறிக்கும். அது சுரண்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலி ஒன்றாயிருக்கப் பொருள் நேர்மாறானமையால், காதாற் கேட்போர் இடமறிந்தே பொருள் கொள்ளல் வேண்டும்.

இவ்வேறுபாடு இலக்கண வகுப்போடு நின்றுவிடுவதன்று. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கை அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் எழுதப்புகும் மாணாக்கன் றோஸ் என்று எழுதினால், விலை தானே ஏறிற்று என்றாகும். எவரும் ஏற்றினாரில்லை; எவரும் விடைகூற வேண்டியவருமில்லை. அரசாங்கத்தை எழுவாயாக்கி றேஸ்ட் என்று எழுதினாலே நிகழ்ந்தது நிகழ்ந்தவாறு புலப்படும். இவ்விரண்டற்கும் இடையே செயப்பாட்டுவினை ஒன்றுண்டு. விலை ஏற்றப்பட்டது என்னும்பொழுது ஏற்றியவர் ஒருவர் உளர் என்பது தெரியும். அவர் யாவர் என்பது மறைந்து நிற்கும். அலுவலக அறிக்கைகளில் இவ்வமைப்புப் பெருகிக் காணப்படுதல் தற்செயலன்று.

இதனால், றைஸ் என்பதை எங்கும் ஐயுற வேண்டுமென்பதில்லை. மழை பொய்த்து வெங்காயம் அருகியவழி, சந்தையில் விலை ஏறுதல் இயல்பு. ஆங்கு, வணிகர் விலையை ஏற்றினர் என்று எழுதுவது அவர்மேற் சான்றின்றிக் குற்றஞ் சாட்டுவதாகிவிடும்.